கட்டைவிரல் அளவு பொம்மையில் வெறுங்கையால் டிசைன் வரைவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சின்ன வயதில் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் லொறிகளுக்குப் பெயர் எழுதும் ஒரு அண்ணனை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன்னால் அரை மணித்தியாலம் போய்விடும். நூலில் சோக்குத் தூளைத் தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுவார். பலகையில் வெள்ளைக் கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. பிறகு ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று புள்ளி வைப்பார். 'முருகன் துணை' வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள்தான் இருக்கும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. அதற்குப் பிறகு பிரஷ்ஷை எடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதில் விசேஷம் என்னவென்றால், அவருக்குக் கை நடுங்கும். டீக் கிளாஸைத் தூக்கினால் தளும்பும். எழுதும்போது மட்டும் ஒரு குச்சியின் மேல் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்வார்.

மினியேச்சர் உருவங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களிடம் டிசைனும் வரைந்து பாருங்களேன் என்று சொன்னால், முதலில் வருகிற பதில் "எனக்குக் கை நடுங்கும்" என்பதுதான். நடுங்கட்டும். ஃப்ரீஹேண்ட் என்று சொல்வது ஸ்டிக்கர் ஒட்டாமல், அச்சு வைக்காமல், பிரஷ்ஷால் நேரடியாக வரைவதை. 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் என்ற மினியேச்சர் பெயின்டிங் போட்டிக்கு வந்த உருவங்களின் படங்களைப் பார்த்தால் இது மனிதர் செய்கிற காரியமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் கெடுத்த டிசைன்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, கை நடுங்கிக் கெட்டவை இரண்டு மூன்றுதான். மற்றதெல்லாம் புள்ளி வைக்காமல் நேரே கோட்டை இழுத்ததாலும், பெயின்ட் சரியான பதத்தில் இல்லாததாலும் கெட்டவை.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம்

இன்று அதிகமாகக் கிடைப்பவை 28 மில்லிமீற்றர் உருவங்கள். ஒரு ஆளை ஏறக்குறைய 56இல் ஒரு பங்காகச் சுருக்கியது போல. அந்தக் கணக்கில் ஒரு அங்குல அகலமுள்ள சேலை ஜரிகை, பொம்மையில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக வரும். அதற்குள் மாங்காயும் மயிலும் போட முடியாது. ஆகவே உள்ளதை உள்ளபடி வரைய நினைக்க வேண்டாம். அகலத்தைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்து வரையுங்கள். நிஜத்தில் நாற்பது முக்கோணம் இருக்கும் கரையில், பொம்மைக்குப் பத்து போதும். கண் அதைச் சரியென்று ஏற்றுக்கொள்ளும்.

தொடங்குவதற்கு மடிப்புக் குறைந்த போர்வையோ, தட்டையான கேடயமோ, கொடியோ உள்ள உருவமாகப் பாருங்கள். கையில் கிடைத்தால் 54 மில்லிமீற்றர் உருவம் இன்னும் நல்லது, இடம் தாராளம். பெட்டிக்கடையில் பைக்கற்றில் தொங்கும் பச்சைச் சிப்பாய்கள் பழகுவதற்கு மட்டும் சரி. அந்தப் பிளாஸ்டிக் வளைகிற சாதி, கொஞ்ச நாளில் பெயின்ட் உரிந்து வரும்.

சாமான்கள்

பிரஷ் வாங்கும்போதுதான் எல்லோரும் ஏமாறுகிறோம். சின்ன வேலைக்குச் சின்ன பிரஷ் என்று மூன்று சைபர் போட்டதை வாங்கி வருவோம். அதன் வயிற்றில் பெயின்ட் நிற்காது. பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் நுனி காய்ந்துவிடும், கோடு பாதியில் அறும். வாங்க வேண்டியது 1ஆம் அல்லது 0ஆம் இலக்கம். வயிறு கொழுத்திருக்கலாம், நுனி மட்டும் ஊசி மாதிரிக் கூட வேண்டும். கடையில் ஒரு கோப்பைத் தண்ணீர் கேளுங்கள். நனைத்து உதறினால் முடியெல்லாம் ஒரே நுனியாகச் சேர வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நல்ல பிரஷ் என்று உலகம் முழுக்கச் சொல்வது கொலின்ஸ்கி முடியை. கீரி போலிருக்கும் ஒரு சைபீரியப் பிராணியின் வால் முடி அது. இந்த வகையில் பெயர் பெற்றது வின்சர் அன்ட் நியூட்டனின் சீரிஸ் 7. விக்டோரியா மகாராணி 1866இல் தனக்கென்று செய்யச் சொன்ன பிரஷ், அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர். விலை கடிக்கும். முதல் ஆறு மாதத்துக்குச் செயற்கை முடி போதும். அதன் நுனி சில கிழமையில் கொக்கி போல வளையும், அப்போது அதைப் பெரிய இடங்களுக்கு ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள்.

பெயின்ட், மினியேச்சருக்கென்றே வரும் அக்ரிலிக். 17, 18 மில்லிலீற்றர் சொட்டுக் குப்பிகளில் வரும். பள்ளிக்கூட போஸ்டர் கலர் வேண்டாம். காய்ந்த பிறகும் மேலே ஈரம் பட்டால் கரைந்து எழும், இரண்டாவது பூச்சில் முதலாவது கலங்கிப் போகும். நிறங்கள் ஏழு போதும்: அடர் சிவப்பு, தந்த வெள்ளை, காவி மஞ்சள், பழுப்பு, நீலம், கறுப்பு, சுத்த வெள்ளை. தந்த வெள்ளையைத்தான் நீங்கள் அதிகம் செலவழிப்பீர்கள். சுத்த வெள்ளை சோக்குக் கட்டி மாதிரித் திரளும், கடைசி மினுக்கத்துக்கு மட்டும் அதைத் தொடுங்கள்.

பெயின்ட் கலக்கும் ஈரத் தட்டை வீட்டிலேயே செய்யலாம். மூடி இறுகும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, அடியில் நனைத்த ஸ்பொஞ்ச் அல்லது நாலாக மடித்த டிஷ்யூ, அதற்கு மேல் கேக் சுடப் போடும் பேக்கிங் பேப்பர். பெயின்டைப் பேப்பரின் மேல் சொட்டினால், கீழிருக்கும் ஈரம் அதைக் காயவிடாமல் வைத்திருக்கும்.

பிறகு பிடி. பொம்மையை நேரடியாகக் கையில் பிடிக்காதீர்கள். காலி மருந்துப் போத்தல் ஒன்றின் மூடியில் ஒட்டும் களிமண்ணை வைத்து அதில் நிறுத்துங்கள். மேசை விளக்கு கட்டாயம் வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கே பனி வந்து ஜன்னலை அடைத்துவிடும் ஊர் இது.

மலைநாட்டுக் காலநிலை

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் சூடேற்றிய, உலர்ந்த அறைகளில் எடுத்தவை. அக்ரிலிக் சட்டென்று காய்கிறது, தாமதிக்கும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள் என்பார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தென்மேல் மழை பிடித்துக்கொண்டால் துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயாது. அங்கே உட்கார்ந்து அந்தத் திரவத்தை விட்டால், முதல் கோட்டின் மேல் இரண்டாவது கோடு போடும்போது இரண்டும் சேர்ந்து இழுபடும். நமக்கு அது தேவையே இல்லை. ஈரத் தட்டிலும் தண்ணீரைக் குறைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஸ்பொஞ்ச் நனைந்திருந்தால் போதும், மிதக்கக் கூடாது. மிதந்தால் இரவோடிரவாகப் பெயின்ட் நீர்த்து, காலையில் திறந்து பார்க்கும்போது ஓடையாகக் கிடக்கும். கிழமைக்கு ஒருமுறை பேப்பரோடு ஸ்பொஞ்சையும் வெந்நீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து வீச்சம் அடிக்கும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள விரலை வைக்காதீர்கள். விளக்கில் சாய்த்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் பளபளக்கும், காய்ந்தால் மங்கும். அவசரமென்றால் தலைமுடி காய வைக்கும் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். அடுப்படியில் கொண்டுபோய் வைப்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். புகை படிந்து தந்த வெள்ளை தேங்காய்ப் பிண்ணாக்கு நிறத்துக்கு வந்துவிடும்.

ஸ்ப்ரே பிரைமரும் (பெயின்ட் பிடிப்பதற்கு முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே வார்னிஷும் ஈரக் காற்றில் சொதப்பும். ஒரு ஜூலை மாதம், ஆறு இரவு உட்கார்ந்து கொடி வரைந்த ஒரு உருவத்துக்கு வாசலில் நின்று வார்னிஷ் அடித்தேன். பனி கொஞ்சமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். கால் மணித்தியாலத்தில் பொம்மை முழுவதும் வெண்மையாகப் பூத்துவிட்டது. பழைய தயிர்ச் சட்டியின் உள்பக்கம் மாதிரி. மேலே மெல்லியதாகப் பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசியதில் முக்கால்வாசி தெளிந்தது. மடிப்புகளுக்குள் இன்னும் இருக்கிறது.

எனவே ஸ்ப்ரே வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு ஜனவரி தொடக்கம் மார்ச் வரை, வெயில் ஏறிய முற்பகல் நல்லது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு மாறும். அங்கே வடகீழ் மழை ஆண்டுக் கடைசியில் பிடித்துக்கொள்ளும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காற்று உலர்ந்திருக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பிரஷ்ஷால் பூசும் பிரைமர் வாங்குங்கள். நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பதம்

முதல் பூச்சுக்குப் பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கோட்டுக்குப் பேனா மை. நிழலுக்குப் பிளேன் டீ. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மை பதம்தான் சிக்கலானது. ஒரு சொட்டுப் பெயின்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரில் தொடங்குங்கள், நிறத்துக்கு நிறம் மாறும். பிரஷ்ஷை அதில் உருட்டி எடுத்து, வயிற்றுப் பக்கத்தை மட்டும் டிஷ்யூவில் ஒற்றுங்கள். நுனியை ஒற்றினால் எல்லாம் வடிந்துவிடும். இப்போது இடது கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு இரண்டு பக்கமும் பரவினால் தண்ணீர் கூட, அல்லது நீங்கள் ஒற்ற மறந்துவிட்டீர்கள். கோடு விட்டு விட்டு வந்தால் பெயின்ட் தடிப்பு. இழுக்கும்போது பிரஷ் எந்தத் தயக்கமும் இல்லாமல் போய், கோடு போட்ட இடத்திலேயே நின்றால் சரி. ஒவ்வொரு முறை தொட்டெடுக்கும்போதும் நகத்தில் ஒரு கோடு. வேலை முடியும்போது நகம் வரிக்குதிரையாகிவிடும், கவலைப்படாதீர்கள்.

பிரஷ் கழுவும் தண்ணீரை ஜாம் போத்தலில் வையுங்கள், கோப்பையில் வேண்டாம். பழுப்பு நிறம் கழுவிய தண்ணீரும் பிளேன் டீயும் விளக்கு வெளிச்சத்தில் ஒரே மாதிரி இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

உட்காரும் விதம்

இரண்டு முழங்கையும் மேசையில். இரண்டு மணிக்கட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அப்போது வலது கை ஆடினால் இடது கையும் சேர்ந்து ஆடும், பொம்மைக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவில் அசைவு குறையும். லொறி அண்ணனின் குச்சி செய்த வேலையை இங்கே இடது கை செய்கிறது. பிரஷ் பிடித்த கையின் சுண்டுவிரல், பொம்மையின் பிடியில் ஊன்றி இருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் நடுக்கம் கூடும். மெதுவாக விடும்போது கோட்டை இழுங்கள். உங்களை நோக்கி இழுக்கும் கோடு எப்போதும் நேராக வரும், ஆகவே கையைத் திருப்புவதை விட்டுவிட்டுப் பொம்மையைத் திருப்புங்கள். தலைகீழாகப் பிடித்து வரைந்தாலும் தப்பில்லை.

நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே இருப்பில் வேண்டாம்.

பொம்மையைத் தொடும் முன் பழைய பிளாஸ்டிக் கரண்டிகளில் பழகுங்கள். ஒரு தரம் பாவித்து வீசும் பிளாஸ்டிக்குக்கு 2023இல் வந்த தடைக்குப் பிறகு கடையில் கிடைக்காது, வீட்டு லாச்சியில் இரண்டு மூன்று கிடக்கும். பிரைமர் பூசிக்கொள்ளுங்கள். கரண்டியின் முதுகு தோள்பட்டை மாதிரியும், உள்பக்கம் துணி மடிப்பின் பள்ளம் மாதிரியும் வளைந்திருக்கும். பேப்பரில் வரைந்து பழகுவதால் இந்த வளைவு பிடிபடாது.

முதல் டிசைன்: போர்வைக் கரை

போர்வையை அடர் சிவப்பால் இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிடுங்கள். மிச்சக் கலவையை மூடி வையுங்கள், பின்னால் மிகவும் தேவைப்படும்.

இப்போது அந்தச் சிவப்பில் துளி தந்த வெள்ளையைக் கலந்து, ஒரு படி மட்டும் வெளுத்த நிறம் ஒன்று செய்யுங்கள். முதல் குறிகளையெல்லாம் இந்த நிறத்தில்தான் வைக்க வேண்டும். தள்ளிப் போனாலும் யாருக்கும் தெரியாது. நேராக வெள்ளையில் தொடங்கினால் ஒவ்வொரு தப்பும் பல்லைக் காட்டும்.

போர்வையின் விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் மேலே, மூன்று மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளி வையுங்கள். விளிம்பைப் பார்த்து வைக்க வேண்டும், பக்கத்துப் புள்ளியைப் பார்த்து அல்ல. பக்கத்துப் புள்ளியைப் பார்த்து வைத்தால் தப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிக்கொண்டே போகும். பிறகு புள்ளிகளை இணையுங்கள். நீளக் கோடு ஒன்றை ஒரே இழுப்பில் போட வேண்டிய அவசியமே இல்லை. மூன்று மில்லிமீற்றர் கோடு யாருக்கும் வரும்.

அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் முக்கோணங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு நடந்து போவார்கள். கடைசியில் ஒன்றரை முக்கோணத்துக்கு இடம் மிஞ்சும். நீங்கள் முதலில் சரி நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு இரண்டு பாதிக்கும் நடுவில். பிறகு கால், அரைக்கால். வாசலில் கோலம் போடும்போது எங்கள் அம்மா நடுப் புள்ளி வரிசையை முதலில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டு போவார். அதே வேலைதான், அரிசி மாவுக்குப் பதில் பெயின்ட்.

முக்கோணங்களை நிரப்பி, உயரம் சரிபார்த்த பிறகு அதன் மேல் தந்த வெள்ளையால் இரண்டு தரம் பூசுங்கள். அடியில் இருக்கும் வெளுத்த சிவப்பு ஓரத்தில் மயிரிழை தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது கோட்டுக்கு ஒரு மென்மை தரும். இடைவெளிகளில் புள்ளி வைக்க ஆசையாக இருந்தால் பல்குத்தியின் நுனியால் வையுங்கள். பிரஷ்ஷை விட அது ஒரே அளவில் வைக்கும்.

இரண்டாவது: சூரிய சந்திரக் கொடி

1815 வரை இருந்த கண்டி இராச்சியத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கொடி இருந்தது. இன்றைய கேகாலைப் பக்கத்து நான்கு கோரளையின் கொடியில் சூரியனும் சந்திரனும். புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிடத் தோதான கொடி கிடையாது. ஒரு வட்டம், ஒரு பிறை, சில கதிர்கள், அவ்வளவுதான்.

வட்டத்தை யாரும் வட்டமாக வரைவதில்லை. நடுவில் ஒரு புள்ளி, பிறகு மேல், கீழ், இடம், வலம் என்று சம தூரத்தில் நான்கு. நான்கையும் நேர்கோட்டால் இணைத்தால் வைர வடிவம். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கொஞ்சம் வெளியே தள்ளினால் எண்கோணம். உள்ளே நிரப்பிவிட்டு, பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே மூலைகளை மழுப்புங்கள். 6 மில்லிமீற்றர் அகல வட்டத்துக்கு இது தாராளம்.

பிறையும் அதே வட்டம்தான். முழு வட்டமாக வரைந்து காயவிட்டு, எடுத்து வைத்த கொடியின் அடி நிறத்தால் அதன் மேல் இன்னொரு வட்டத்தைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். மிஞ்சுவது பிறை. இரண்டு கூர் முனையும் தானாகவே அமைந்துவிடும். நான் முதல் இரண்டு வருடம் பிறையைப் பிறையாகவே வரைய முயன்று, வாழைப்பழம் வாழைப்பழமாக வரைந்துகொண்டிருந்தேன்.

கதிர்களுக்கு மணிக்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 12, 6, 3, 9. பிறகு இடையில் நான்கு. பிரஷ்ஷைச் சூரியனின் ஓரத்தில் லேசாக அழுத்தி வைத்து, வெளியே இழுத்துக்கொண்டே தூக்குங்கள். அடி அகன்று நுனி கூராக வரும். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் ஆணி அடித்த மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிவப்புத் துணியில் மஞ்சளை நேரடியாகப் பூசினால் அது பிடிக்காது, செங்கல் நிறத்தில் கிடந்து அழும். முதலில் தந்த வெள்ளையில் முழு உருவத்தையும் வரைந்து முடித்து, அதற்கு மேல் மஞ்சளை இரண்டு மெல்லிய பூச்சாக விடுங்கள்.

மூன்றாவது: கொடி டிசைன்

இது படர்கிற கொடி, பறக்கிற கொடி இல்லை.

கண்டிக்குப் பக்கத்தில் தெகல்தொருவ விகாரை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்த குகையின் சுவர்களில், தேவரகம்பொல சில்வத்தென்ன என்ற துறவி ஓவியர் தம் குழுவோடு வரைந்த ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள். மினியேச்சர் பக்கம் வந்த பிறகுதான் நான் அவற்றை ஒழுங்காகப் பார்த்தேன். சிவப்புப் பின்னணி, தட்டையான நிறம், மேலே மெல்லிய கோடு. நிழல் கிடையாது, தூரம் கிடையாது, வெற்றிடம் எங்கெங்கு இருக்கிறதோ அங்கே ஒரு பூ. 20 மில்லிமீற்றர் கேடயத்துக்கு என்ன வேண்டுமோ எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. ஐந்தாறு நிறத்துக்கு மேல் போகாமல் எப்படி நிறைவாகத் தெரிய வைப்பது என்பதையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். போனால் கதையை விட்டுவிட்டுக் கரைகளைப் பாருங்கள். தாமரை இதழ் வரிசையும், வளைந்து வளைந்து ஓடும் கொடியும் திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் கொடியை இப்படிப் பிரிக்கலாம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிச் சம தூரத்தில் புள்ளி வையுங்கள். அவற்றைப் பாம்பு போவது போல இணையுங்கள். இதுதான் தண்டு. ஒவ்வொரு வளைவின் வயிற்றுக்குள்ளும் தண்டிலிருந்து பிரிந்து உள்ளே சுருளும் ஒரு கிளை. தமிழில் 'உ' எழுதத் தொடங்கும் சுழி இருக்கிறதே, அதை நினைத்துக்கொண்டு போடுங்கள், கை தானாகப் போகும். சுழியின் முடிவில் ஒரு பூ மொட்டு, அதாவது ஒரு புள்ளி.

இலைதான் எனக்குப் பிடித்தது. நுனி மட்டும் படும்படி பிரஷ்ஷை வையுங்கள். அப்படியே மெதுவாக அழுத்துங்கள், முடி அகன்று இலையின் வயிறு உண்டாகும். அரை மில்லிமீற்றர் இழுங்கள். இழுக்கும்போதே தூக்குங்கள். வைத்து, அழுத்தி, இழுத்து, தூக்கி, மொத்தம் ஒரு நொடி. ஓரம் வரைந்து உள்ளே நிரப்பிய இலை செத்த இலை மாதிரி இருக்கும். இது உயிரோடு இருக்கும். கரண்டியில் ஒரு நூறு இலை போட்டுப் பாருங்கள். முப்பதுக்கு மேல் கை பிடித்துக்கொள்ளும்.

போர்வை கோணல்மாணலாக இருந்து எங்கே என்ன வருமென்று தெரியவில்லையா? மறைப்பு டேப்பை அதன் மேல் ஒட்டி, ஓரத்தைப் பேனாவால் குறித்து, உரித்து ஒரு கடதாசியில் ஒட்டுங்கள். போர்வையின் உண்மையான அளவும் வடிவமும் கையில் கிடைத்துவிடும். அதன் மேலேயே டிசைனை ஒத்திகை பார்க்கலாம். ஈரம் காயாத பூச்சின் மேல் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

திருத்துவது

என்னால் 0.4 மில்லிமீற்றர் கோடு வரைய முடியாது. 0.8இல் வரைந்து, அடி நிறத்தால் இரண்டு பக்கமும் அரிந்து மெல்லியதாக்குகிறேன். பார்க்கிறவர்கள் என்ன கை என்று வியப்பார்கள். வரைந்த நேரம் இருபது நிமிடமென்றால் அரிந்த நேரம் ஒரு மணித்தியாலம். எடுத்து வைக்கச் சொன்ன சிவப்புக் கலவை இதற்குத்தான். தீர்ந்துபோனால் அதே சிவப்பைத் திரும்பக் கலப்பது பெரும் பாடு, ஆகவே எந்தக் குப்பியில் எத்தனை சொட்டு என்று கடதாசித் துண்டில் எழுதி வையுங்கள்.

ஈரமாக இருக்கும்போதே தப்பைக் கண்டுவிட்டால், சுத்தமான ஈர பிரஷ் ஒன்றால் உடனே உறிஞ்சி எடுங்கள். இதற்கென்று இரண்டாவது பிரஷ் ஒன்று பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். நான்கைந்து நொடி கடந்துவிட்டால் தொடாதீர்கள். முழுதாகக் காயவிட்டு அடி நிறத்தால் மூடுங்கள். அரைகுறை ஈரத்தில் தேய்த்தால் கீழே இருப்பதும் கிழிந்து வரும்.

மெல்லிய நுனிப் பேனா பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. சக்குரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரோன் 005 பேனா 0.20 மில்லிமீற்றர் கோடு போடும். எழுத்துக்கும் புத்தகப் பக்கத்துக்கும் அது சுகம். ஆனால் பேனாக் கோடு முழுவதும் ஒரே தடிப்பில் இருக்கும், இலை வராது. மேலே வார்னிஷைப் பிரஷ்ஷால் தேய்த்தால் மை கலங்கவும் கூடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, லேசாக ஒரே தடவலில் பூசுங்கள்.

மடிப்பும் நிழலும்

டிசைன் தட்டையாக முடிந்ததும் துணி அட்டை மாதிரித் தெரியும். மடிப்பு எதுவும் டிசைனில் இல்லாததுதான் காரணம். அடர் பழுப்பும் நீலமும் கலந்த நிறத்தைப் பிளேன் டீ பதத்துக்கு நீர்த்து, மடிப்பின் பள்ளங்களில் மட்டும், டிசைன் மேலேயும் சேர்த்தே ஓடவிடுங்கள். பிரஷ்ஷை நன்றாக ஒற்றிய பிறகுதான். பள்ளத்தை நோக்கி இழுத்து அங்கேயே தூக்க வேண்டும், தூக்கிய இடத்தில்தான் நிறம் தங்கும். இரண்டு, மூன்று தரம், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. பிறகு மேடுகளில் வரும் முக்கோணத்துக்கும் இலைக்கும் மட்டும் சுத்த வெள்ளையால் ஒரு தொடல். எல்லா இலைக்கும் வைக்காதீர்கள். வெளிச்சம் படும் பக்கத்து ஏழெட்டுக்குப் போதும்.

முடிந்த பொம்மையை ஒரு நாள் விட்டு, மங்கல் வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லியதாக இரண்டு தரம் பூசுங்கள். குப்பியைக் குலுக்காமல் உருட்டிக் கலக்குங்கள். குலுக்கினால் நுரைத்து, குமிழி கேடயத்தின் நடுவில் வந்து உட்காரும். மழைக்காலத்தில் ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு இரவு விடுங்கள்.

பொம்மை காய்கிற நேரத்தில் பிரஷ்ஷைக் கவனியுங்கள். சவர்க்காரக் கட்டியை ஈர நுனியால் மெதுவாகத் தடவி, உள்ளங்கையில் சுழற்றி நுரை வெள்ளையாகும் வரை அலசுங்கள். உலோகப் பிடிக்குள் பெயின்ட் ஏறி உறைந்தால் முடி விரிந்துவிடும், பிறகு எந்தச் சவர்க்காரத்தாலும் ஒன்றும் ஆகாது. நுனியை விரலால் கூராக்குங்கள், உதட்டால் வேண்டாம், சில நிறப்பொடிகள் வயிற்றுக்குள் போகக் கூடாதவை. ஈரத்தோடு மூடி போட்டு லாச்சிக்குள் வைத்தால் இந்தக் குளிரில் பூஞ்சணம் பிடிக்கும். படுக்கை வாட்டில் ஒரு துணி மேல் வைத்துவிட்டு, மூடியை அடுத்த நாள் காலையில் போடுங்கள்.